ரீஹேப் சென்டருக்குப் போகும் முன்: நான் பட்டதும் பார்த்ததும்

போன வருஷம் என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கோபிச்செட்டிபாளையத்தில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. நான் தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர். மகன் வெளியூரில் காலேஜ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான், பரீட்சையை விட்டுவிட்டு வரச் சொல்ல மனசு வரவில்லை. ஆக கோவையில் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கும் மேல் ரீஹேப் சென்டர் (விழுந்த கை காலுக்கும் பேச்சுக்கும் பயிற்சி கொடுக்கும் மையம்), எல்லாவற்றிலும் நான் ஒருத்திதான் கூட இருந்தேன். ஸ்ட்ரோக் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், முகம் கோணினால் உடனே கவனிக்க வேண்டும் என்றெல்லாம் இப்போது நிறைய பேர் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்து வீட்டு வாசற்படி ஏறும்வரை நடுவில் இருக்கும் காலத்தைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களிடமிருந்த காசில் பெரும்பகுதி போனது அந்த நடுக்காலத்தில்தான்.

டிஸ்சார்ஜ் என்பது திடீரென்று வந்தது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "இனிமேல் இங்க செய்யறதுக்கு பெருசா ஒண்ணுமில்லீங்க மேடம், ரீஹேப்தான். முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம், தள்ளிப் போடாதீங்க" என்றார். மதியத்துக்குள் ரூமைக் காலி செய்ய வேண்டும். மூக்கில் குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், ஒரு பக்கம் அசைவில்லாத ஆள். இவரை எப்படி வீட்டுக்குக் கூட்டிப் போவது? ஆஸ்பத்திரி பி.ஆர்.ஓ. ஒரு கார்டு கொடுத்தார். பெரிய ஹோட்டல் மாதிரி போட்டோக்கள், "தினமும் 3 மணி நேரம் தெரபி" என்று பெரிய எழுத்து. அன்று சாயங்காலமே ஆம்புலன்ஸில் அங்கே சேர்த்தேன். ஒரு நாளைக்கு நாலாயிரத்து ஐந்நூறு, முன்பணம் ஐம்பதாயிரம்.

உங்கள் வீட்டில் யாராவது ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தால், ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்றே ரீஹேப் இடம் தேட ஆரம்பித்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று தேடக் கூடாது. போய்ப் பார்ப்பதானால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள். வார நாள் காலையில் எல்லா சென்டரும் நன்றாகத்தான் இருக்கும். ஞாயிறு மாலை எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள், பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்களா இல்லை எல்லோரும் படுத்தே கிடக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவுச் சான்றிதழ் ரிசப்ஷனில் மாட்டியிருக்க வேண்டும், அதையும் பாருங்கள். அப்புறம் இரவில் டாக்டர் அங்கேயே தங்குகிறாரா, போனில் மட்டும்தானா என்று நேராகக் கேளுங்கள். எங்கள் சென்டரில் போனில் மட்டும்தான். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த மூன்று மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். நிற்க வைத்துக் கட்டும் டில்ட் டேபிளில் கிடக்கும் நேரம், கால் சைக்கிள் சுற்றும் நேரம், இன்னும் நாலு பேரோடு வட்டமாக உட்கார்ந்து பந்து போடும் நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மூன்று மணி நேரம். பிசியோதெரபிஸ்ட் அவர் மேல் கை வைத்துப் பயிற்சி கொடுத்தது முக்கால் மணி நேரம் இருக்கும். ஞாயிறு தெரபி கிடையாது. பண்டிகை நாளிலும் கிடையாது. ஆனால் நாலாயிரத்து ஐந்நூறு உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த பிசியோதெரபி பையன் நிஜமாகவே கெட்டிக்காரன், அந்த முக்கால் மணியில் அவன் செய்ததுதான் என் கணவரை நடக்க வைத்தது. ஆனால் "தனியாக ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு நேரம், குழுவாக எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை நாள்" என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கியிருந்தால் பேக்கேஜ் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பிடி இருந்திருக்கும். பக்கத்து ரூம் அம்மாவின் மகன் அப்படிக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் குறைந்த ரேட் பேசி வாங்கியிருந்தார். பேரம் பேசலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு லைட் போடுவார்கள். ஈரத் துணியால் உடம்பு துடைத்து, டயப்பர் மாற்றி, பி.பி., சர்க்கரை பார்த்துவிட்டு, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. ஒன்பது மணிக்கு ஆக்குபேஷனல் தெரபி, அதாவது சட்டை போடுவது, டம்ளர் பிடிப்பது, இடது கையால் சாப்பிடுவது. பதினொரு மணிக்கு பிசியோ. மத்தியானம் சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்குப் பேச்சுப் பயிற்சி. ஐந்து மணிக்கு டீ, வீல்சேரில் வராண்டாவுக்கு. ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு முடிந்தால் அவ்வளவுதான், டி.வி. சீரியல் சத்தம், அப்புறம் விளக்கணைப்பு. தெரபி இல்லாத அந்த மிச்ச நேரத்தில்தான் எல்லாக் கெடுதலும் நடக்கிறது, எல்லா முன்னேற்றமும் நடக்கிறது. சென்டரைப் பற்றி விசாரிக்கும்போது தெரபி மெஷின்களை விடுங்கள், இந்த மிச்ச நேரத்தில் யார் கூட இருப்பார்கள் என்று விசாரியுங்கள்.

எங்கள் ஹாலில் எட்டுப் படுக்கைக்கு ஓர் அட்டெண்டர். நல்ல பையன், ஆனால் ஒடிசாக்காரன், தமிழ் இருபது வார்த்தை தெரியும். என் கணவருக்கோ வாயே வரவில்லை. ஒருவர் சொல்ல முடியாதவர், இன்னொருவர் புரிந்துகொள்ள முடியாதவர். ஒரு நாள் நான் மாத்திரை வாங்கிவிட்டு வந்து பார்த்தால் அவர் நனைந்த டயப்பரோடு கிடக்கிறார், கண்ணில் தண்ணீர். கடையில் பத்து பேருக்குச் சம்பளம் கொடுத்த மனுஷன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் அந்தப் பையனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? அன்று ராத்திரி பள்ளிக்கூடச் சார்ட் அட்டையில் தண்ணீர், பாத்ரூம், வலி, பசி, திருப்பிப் படுக்க வை, குளிர், வீட்டுக்கு போன் என்று படம் வரைந்து, கீழே தமிழிலும் இந்தியிலும் எழுதிக் கட்டிலில் கட்டினேன். அவர் இடது கை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். மறுநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பார்த்துவிட்டு, "இதைத்தான் ஆன்ட்டி நாங்களே கொடுத்திருக்கணும்" என்றாள். உங்கள் வீட்டு ஆளுக்குப் பேச்சு போயிருந்தால் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

படுக்கைப் புண் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது விதி. சார்ட்டில் ராத்திரி 12, 2, 4 எல்லாவற்றிலும் டிக் இருந்தது. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன், யாரும் வரவில்லை. முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்தில் சிவப்பு தெரிந்தது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டு மறுபடி சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். தினமும் உடம்பு துடைக்கும்போது நீங்களே கூட நின்று முதுகடி, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். காற்று மெத்தை போட்டிருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். நான் போன் அலாரம் வைத்துக்கொண்டு அட்டெண்டரை எழுப்பிக் கூட்டி வந்து புரட்டினேன். அவனுக்கு என் மேல் கோபம்தான். பரவாயில்லை, புண் பெரிதாகாமல் ஆறியது.

அதேபோல விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. வீல்சேருக்கு மாற்றும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கியதிலேயே அவருக்குத் தோள்மூட்டு இறங்கி, பல வாரம் வலியில் துடித்தார். செயலிழந்த பக்கத்துத் தோளைத் தசைகள் தாங்கிப் பிடிக்காது, இழுத்தால் கழன்று தொங்கும். இடுப்பில் பெல்ட்டோ, மடித்த துண்டோ கட்டி அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். நாற்காலியை நல்ல பக்கத்தில் போட வேண்டும். இதையெல்லாம் பிசியோ பையன் எனக்குக் கற்றுக்கொடுத்தான். "அக்கா, நீங்க கத்துக்கிட்டாதான் நான் நிம்மதியா லீவு போடுவேன்" என்பான். சேர்த்த முதல் வாரத்திலிருந்தே தெரபி நடக்கும்போது கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள். சில சென்டர்களில் கூட இருப்பவர்களைத் தெரபி ஹாலுக்குள் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட இடம் வேண்டாம் என்பேன். எப்படியும் அந்த வேலை பின்னால் உங்கள் தலையில்தான் விழும்.

இப்போது இரவு டாக்டர் கதை. குழாயை எடுத்துவிட்டு வாய் வழியாகச் சாப்பிடப் பழக்கிக்கொண்டிருந்த சமயம். தண்ணீர்தான் விழுங்குவதற்குக் கஷ்டம், சட்டென்று ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கூழ் பதத்தில் இருப்பதுதான் பத்திரம். நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைக் கீழே தாழ்த்தச் சொல்லி, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்து, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் நான் பேங்குக்குப் போயிருந்தபோது, டூட்டி மாறிய நேரத்தில், யாரோ சாய்ந்து படுத்த நிலையிலேயே டீ கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரியே காய்ச்சல், மார்பில் கரகரப்பு. சிஸ்டர் போன் போட, டாக்டர் போனிலேயே மாத்திரை சொன்னார். விடியும்போது ஆக்சிஜன் இறங்கிவிட்டது. நுரையீரலில் சளி கட்டி நிமோனியா. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஐ.சி.யூ. நல்லவேளை, பிழைத்து வந்தார். ஆனால் திரும்பி வந்து பில்லைப் பார்த்தால், அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்கும் படுக்கையைப் பிடித்து வைத்ததாகச் சொல்லி முழு வாடகை போட்டிருந்தார்கள். சண்டை போட்டேன். பாதி குறைத்தார்கள். நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ரேட், பாதியில் கிளம்பினால் முன்பணம் எவ்வளவு திரும்ப வரும் என்ற இரண்டையும் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். சாப்பாடு எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டில் தலைமாட்டில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். டூட்டி மாறினாலும் தாள் மாறாது.

இன்சூரன்ஸ் பற்றிப் பலரும் என்னைப் போலவே நம்பிக்கொண்டிருப்பார்கள். ஆஸ்பத்திரி பில் கேஷ்லெஸ்ஸில் போனது. ரீஹேப் பில்லுக்குக் கேட்டபோது இல்லை என்றுவிட்டார்கள். காரணம் பாலிசியில் இருக்கும் விளக்கத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றால் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, எந்நேரமும் டாக்டர், நர்ஸ், அதோடு சொந்தமாக ஆபரேஷன் தியேட்டர் இருக்க வேண்டும். ரீஹேப் சென்டரில் ஆபரேஷன் தியேட்டருக்கு எங்கே போவது? குளிப்பாட்ட, உடுத்த, நடமாட உதவும் பராமரிப்புச் செலவை எல்லாக் கம்பெனியும் பொதுவான விலக்குகளிலேயே சேர்த்திருக்கிறது. ஆனால் ஒரு வழி உண்டு. எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாள் வரையிலான சிகிச்சைச் செலவைத் திரும்பத் தருவார்கள். அதற்கு ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி தேவை என்று டாக்டர் எழுதியிருக்க வேண்டும். சென்டர் பில்லும் தெரபிக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, ரூமுக்கு இவ்வளவு என்று பிரித்து இருக்க வேண்டும். எனக்கு "பேக்கேஜ்" என்று ஒரே வரியில் பில் கொடுத்தார்கள். அதைப் பிரித்து வாங்க அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் நாற்பதாயிரம் சொச்சம் கைக்கு வந்தது.

மொத்தச் செலவு ரீஹேப்புக்கு மட்டும் நாலரை லட்சத்துக்கு அருகில். பேக்கேஜ் தவிர டயப்பர், மருந்து, ராத்திரிக்குத் தனி அட்டெண்டர் எல்லாம் வெளிக்கணக்கு. பள்ளியில் எனக்குச் சம்பளமில்லா விடுப்பு, கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது, கூட்டுறவு பேங்கில் நகையை வைத்தேன். இத்தனைக்கும் எங்களிடம் பணமே இல்லை என்று இல்லை, கடைக் கணக்கில் இருந்தது. அவர் பெயரில், அவர் கையெழுத்தில். வலது கை போன மனுஷர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? போன் பின் நம்பர் அவருக்கு ஞாபகம் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. போனைக் கைரேகை வைத்துத் திறந்துவிட்டோம், யு.பி.ஐ. பின் தெரியாமல் அங்கேயே நின்றோம். பேங்க் மேனேஜர் நல்லவர். கையெழுத்துப் போட முடியாத நோயாளி கட்டைவிரல் ரேகை வைக்கலாம், பேங்குக்குத் தெரிந்த இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் பேங்க் விதியே இருப்பதாகச் சொல்லி, ஓர் ஆபீசரைச் சென்டருக்கே அனுப்பினார். விதி இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? வியாபாரம் செய்கிறவர்கள் வீட்டில் இன்றைக்கே ஒரு கணக்கையாவது "இருவரில் யாரேனும்" என்று மாற்றி வையுங்கள்.

மனசு விஷயம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறதாம். என் கணவர் ஒரு கட்டத்தில் தெரபிக்கு வரமாட்டேன் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சாப்பிடவில்லை. நான் அடம் என்று நினைத்துக் கத்தினேன். "ஏனுங்க, நான் ஒருத்தி எத்தனைதாங்க பார்க்கறது" என்று எல்லோர் முன்னாலும் அழுதேன். டாக்டர் மாத்திரை ஆரம்பித்த இரண்டு மூன்று வாரத்தில் ஆள் மாறினார். தெரபிக்கு ஒத்துழைக்கவில்லை என்றால் இதையும் டாக்டரிடம் கேளுங்கள். கூட இருப்பவர்களும் வாரத்தில் ஒரு ராத்திரியாவது வேறு யாரையாவது விட்டுவிட்டு வெளியே போய்த் தூங்குங்கள். நாத்தனார் மாதக்கடைசியில் ஒரு ராத்திரி வந்து இருந்தார், அன்று நான் தூங்கிய தூக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

பேச்சு வந்த கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டாலும், எண்ணுவது, கிழமை சொல்வது, பாட்டு மாதிரி வாயில் ஊறிப்போனவை சில நேரம் தப்பித்துவிடும் என்று அந்தத் தெரபிப் பெண் சொல்லியிருந்தாள். "அங்கிள், ஒண்ணு சொல்லுங்க, ஒண்ணு" என்று நாள் கணக்கில் கெஞ்சிப் பார்த்தாள். வாய் கோணும், சத்தம் வராது. நான் வீட்டிலிருந்து படி ஒன்றும் கொஞ்சம் அரிசியும் கொண்டுவரச் சொல்லி, அவர் இடது கையில் படியைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். முதல் படி அரிசியைக் கொட்டும்போது "லாபம்" என்றார். தெளிவாக. அடுத்து "ரெண்டு". தெரபிப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, தானியம் அளக்கும்போது ஒன்றுக்குப் பதில் லாபம் என்றுதான் ஆரம்பிப்போம் என்று சிரித்துக்கொண்டே அழுதேன். அதற்கப்புறம் பயிற்சியெல்லாம் கடைச் சாமான்களை வைத்துத்தான். உங்கள் ஆள் என்ன தொழில் செய்தவர், எதை வாயில் சொல்லிக்கொண்டே இருந்தவர் என்று தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு அது தெரியாது.

வீட்டுக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டைத் தயார் செய்யுங்கள். பாத்ரூமில் இடது கை எட்டும் பக்கமாகக் கைப்பிடி, மேல்நாட்டுக் கழிப்பறை இல்லையென்றால் ஓட்டை நாற்காலி, வாசலில் சாய்வுப் பலகை. கிளம்பும்போது வெறும் பில்லோடு வராமல், எந்தெந்தப் பயிற்சி எத்தனை முறை என்ற தெரபி குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். அரசு செய்கிற உதவியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். முழுநேரப் பயிற்சிக்குப் பணமில்லாதவர்கள் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருப்பதை விசாரியுங்கள். வேலூர் சி.எம்.சி.க்கும் பாகாயத்தில் தனி ரீஹேப் பிரிவு இருக்கிறது.

இப்போது அவர் நாலுமுனை ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறார், காலையில் கொஞ்ச நேரம் கடையில் உட்காருகிறார், வார்த்தைகள் பாதிதான் வருகின்றன. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதம் ஆன பிறகுதான் சான்றிதழுக்குப் பரிசோதிப்போம் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அதனால் அவசரப்பட்டு முன்னாடியே போய் அலையாதீர்கள். டாக்டர்கள் குழு எந்தக் கிழமை உட்காருகிறது என்று போனில் கேட்டுக்கொண்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், போட்டோ எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.